சுவரும் மூச்சுவிடும்

குருவாக வாழ்பவனுக்கு மக்கள் தரும் மரியாதைகளுள் ஒன்று மிகவும் ஆபத்தானது. எதைக் கேட்டாலும் சாமிக்குத் தெரிந்திருக்கும் என்ற நம்பிக்கையே அது. பிள்ளைக்கு எந்தப் படிப்பு, பெண்ணுக்கு எந்த வரன், வீட்டை எப்படிச் செப்பனிடுவது என்று எல்லாவற்றுக்கும் பங்கு இல்லத்தின் கதவைத் தட்டுகிறார்கள். "எனக்குத் தெரியாது" என்று விடை சொல்வதற்குத் துணிவு வேண்டும். அந்தத் துணிவு இல்லாத ஒரு நாளில் நான் சொன்ன யோசனையால், ஒரு கைம்பெண்ணின் வீட்டுச் சுவர் பதினான்கு ஆண்டுகள் நோயுற்றுக் கிடந்தது. அதைச் சொல்லவே இதை எழுதுகிறேன். பழைய வீட்டில் குடியிருக்கும் குடும்பங்களுக்கு ஓரளவு பயன்படக்கூடும்.

2009ஆம் ஆண்டில் ஆம்பூருக்கு அருகே, பாலாற்றை ஒட்டிய சிற்றூர் ஒன்றில் பங்குத் தந்தையாக இருந்தேன். தோல் பதனிடும் ஆலைக்கும் காலணித் தொழிற்சாலைக்கும் செல்லும் ஆண்களும் பெண்களும் விடியற்காலையிலேயே சாப்பாட்டுப் பாத்திரத்துடன் தெருமுனையில் நிற்கும் ஊர் அது. அந்த அம்மையாரின் கணவர் ஓர் ஆலையில் தோல் ஊறவைக்கும் பகுதியில் நெடுங்காலம் உழைத்து, ஓய்வு பெற்ற மறு ஆண்டே இறந்துபோனார். மிஞ்சியது சேமநல நிதிப் பணமும், அவருடைய பாட்டனார் கட்டிய வீடும்தான்.

நல்ல வீடு. ஒன்றரை அடி கனமுள்ள செங்கற்சுவர், சுண்ணாம்புச் சாந்தில் எழுப்பியது. மேலே மர உத்திரங்களின்மீது செங்கல் பதித்த மெட்ராஸ் டெரஸ் தளம். தெருவிலிருந்து மூன்று படி ஏறினால் திண்ணை. கோடையில் அந்தத் திண்ணையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க மனம் வராது.

மூத்த மகளுக்குத் திருமணம் நிச்சயமாகியிருந்தது. தெருப்பக்கச் சுவரின் அடியில் சில இடங்களில் காரை பெயர்ந்து செங்கல் தெரிந்தது. மாப்பிள்ளை வீட்டார் வரும்போது அப்படி இருக்கலாகாது என்பது தாயின் கவலை. "என்ன செய்யலாம் சாமி?" என்று கேட்டார்கள்.

அப்போதுதான் நான் ஆலய வளாகத்தின் மதிற்சுவரைச் சிமெண்டில் புதிதாகக் கட்டி முடித்திருந்தேன். அந்த உற்சாகத்தில் ஒரு நொடியும் யோசிக்காமல், "பழைய சுண்ணாம்பை முழுவதும் கொத்தி எடுத்துவிட்டுச் சிமெண்ட் பூசிவிடுங்கள். உங்கள் பேரப்பிள்ளைகள் காலம் வரைக்கும் கவலை இல்லை" என்றேன்.

பங்கிலே வயதான மேஸ்திரி ஒருவர் இருந்தார். சுண்ணாம்பு வேலையில் கை தேர்ந்தவர். அவர் மறுநாள் என்னைத் தேடி வந்தார். "சாமி, அது சுண்ணாம்புச் சுவரு. சிமெண்ட் அதுக்கு ஒத்துவராது. ஏழெட்டு இடத்துல தட்டி எடுத்துட்டுச் சுண்ணாம்பே பூசினா போதும்" என்றார். நான் சிரித்தேன். "பெரியவரே, காலம் மாறிவிட்டது" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவர் வேறொன்றும் பேசவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

வேலை நடந்தது. தெருவிலிருந்த ஆழ்துளைக் கிணற்று நீரை ஊற்றிக் கலவை குழைத்தார்கள். வாயில் வைத்தால் கரிக்கும் நீர் அது. வீடு புத்தம் புதிதாகப் பளபளத்தது. திருமணமும் சிறப்பாக நடந்தது. அடுத்த ஆண்டு எனக்கு இடமாற்றம் வந்தது. நல்ல யோசனை சொன்னோம் என்ற நிறைவோடு ஊரைவிட்டுப் புறப்பட்டேன்.

மீண்டும் அந்த வீட்டில்

2023ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில், ஒரு திருமணத் திருப்பலிக்காக அந்த ஊருக்குச் சென்றேன். மழை பெய்து ஓய்ந்திருந்தது. அம்மையாரைப் பார்த்துவிட்டு வரலாமென்று போனவன், வாசலிலேயே திகைத்து நின்றேன்.

மூன்று படிகள் இருந்த இடத்தில் ஒரே படிதான் இருந்தது. தெருவுக்குச் சிமெண்ட் சாலை போட்டு, அதன்மேல் மறுபடியும் போட்டு உயர்த்தியிருந்தார்கள். மழைநீர் வீட்டுச் சுவரின் காலடியில் தேங்கி நின்றது. உள்ளே நுழைந்ததும் ஈரத்துணியின் வாடை. இடுப்பளவுக்குச் சுவரில் ஓதம் ஏறியிருந்தது. அதற்கு மேலே வெண்ணிறமாக உப்புப் பூத்து, வண்ணப்பூச்சு அப்பளம்போல் பொரிந்து தொங்கியது. உத்திரம் ஒன்றின் முனை, சுவருக்குள் செருகிய இடத்தில் உளுத்திருந்தது. மூலையிலே பேரன், எட்டு வயதுப் பையன், இருமிக்கொண்டே வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தான். இரவெல்லாம் இழுப்பு என்றார்கள்.

வீடுகளிலுள்ள ஈரத்தையும் பூஞ்சையையும் குறித்து உலகச் சுகாதார நிறுவனம் 2009ஆம் ஆண்டிலேயே நெறிமுறைகள் வெளியிட்டிருக்கிறது. அத்தகைய வீடுகளில் வாழ்வோரிடம் இருமல், மூச்சிரைப்பு, ஆஸ்துமா ஆகியவை மிகுதியாகக் காணப்படுகின்றன என்பது அதன் முடிவு. நான் யோசனை சொன்னதும் அதே ஆண்டில்தான்!

அம்மையார் நான்கு முறை வண்ணம் அடித்துப் பார்த்திருக்கிறார்கள். ஒரு முறை, ஈரம் ஏறாது என்று கடைக்காரர் சொன்ன பிளாஸ்டிக் பூச்சும் அடித்திருக்கிறார்கள். அதன் பிறகு ஓதம் இன்னும் ஒரு முழம் மேலே ஏறியதாம்.

"எனக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருக்கக் கூடாதா, அம்மா?" என்று கேட்டேன்.

"நீங்க நல்லதுக்குத்தானே சொன்னீங்க, சாமி. வீடுன்னா பழசாகத்தானே செய்யும்" என்றார்கள்.

அவர்கள் கோபித்திருந்தால் எனக்கு இவ்வளவு வலித்திராது.

வீட்டைப் பார்க்க வந்த குரு

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. குருமடத்தில் படித்த லேவியராகமத்தின் 14ஆம் அதிகாரம் நினைவுக்கு வந்தது. நோய் கண்ட வீட்டைப் பற்றி அங்கே ஒரு நீண்ட பகுதி உண்டு. மாணவர்களாய் இருந்தபோது, பழங்காலச் சடங்கென்று எண்ணி அதை விரைவாகக் கடந்து சென்றோம். விளக்கை ஏற்றி மறுபடியும் வாசித்தேன்.

சுவரில் பசுமையாகவோ சிவப்பாகவோ கறை கண்டால், வீட்டுக்காரன் குருவிடம் சென்று சொல்லவேண்டும். குரு வந்து பார்க்கவேண்டும். கறை சுவரின் மேற்பரப்பில்தான் உள்ளதா, உள்ளே ஆழ்ந்திருக்கிறதா என்று ஆராயவேண்டும். பின்பு வீட்டைப் பூட்டி, ஏழு நாள் பொறுத்து, மீண்டும் வந்து பார்க்கவேண்டும். கறை பரவியிருந்தால் கெட்ட கற்களைப் பெயர்த்து, உட்புறத்தைச் சுரண்டி, வேறு கல் வைத்து, வேறு சாந்து பூசவேண்டும். அதற்குப் பிறகும் கறை திரும்பினால்தான் வீட்டை இடிக்கவேண்டும்.

அந்தக் குரு முதலில் பார்க்கிறார். பிறகு காத்திருக்கிறார். அதன் பிறகே பூச்சைப் பற்றிப் பேசுகிறார். நானோ வீட்டைப் போய்ப் பார்க்கவும் இல்லை. ஏழு நிமிடம் பொறுக்கவும் இல்லை. பலவீனமான சுவரின்மேல் வெள்ளை பூசி மறைப்பவர்களை எசேக்கியேல் இறைவாக்கினர் கடிந்துகொள்கிறார் அல்லவா? அந்தக் கூட்டத்தில் நானும் ஒருவன்தான் என்று தோன்றியது.

விடிந்ததும் முதல் வேலையாக மேஸ்திரியின் வீட்டுக்குப் போனேன். எண்பதைத் தாண்டியிருந்தார். கண் மங்கியிருந்தது. "பெரியவரே, அன்று நீங்கள் சொன்னதை நான் கேட்கவில்லை. மன்னித்துவிடுங்கள்" என்றேன். அவர் பதறி எழுந்தார். "என்ன சாமி, பெரிய வார்த்தையெல்லாம்! வாங்க, சுவரைப் பார்க்கலாம்" என்று கைத்தடியை எடுத்தார்.

சுவர் ஏன் நோயுற்றது?

கரண்டியின் பின்புறத்தால் சுவரை அங்கங்கே தட்டிக் கேட்டார். டொக் டொக்கென்று வெற்றோசை எழுந்த இடமெல்லாம் பூச்சு சுவரைவிட்டுப் பிரிந்திருந்தது. பிறகு திண்ணையில் உட்கார்ந்து எனக்குப் பாடம் நடத்தினார்.

"உங்க கால்ல இருக்கிறது தோல் செருப்பா, பிளாஸ்டிக்கா, சாமி?" என்று கேட்டார். தோல் என்றேன். "தோலுக்குள்ள கால் வேர்த்தா காஞ்சிடும். பிளாஸ்டிக் பூட்ஸ் போட்டா வேர்வை உள்ளேயே நிக்கும், கால் ஊறிப்போகும். சுண்ணாம்பு தோல் மாதிரி. சிமெண்ட் பிளாஸ்டிக் மாதிரி. சுவரும் மூச்சுவிடணும், சாமி."

தோல் ஊரில் வாழ்பவனுக்கு இதைவிடத் தெளிவாக யாரும் விளக்கிவிட முடியாது. பின்னர் நூல்களைப் புரட்டியும் பொறியாளர்களைக் கேட்டும் நான் தெரிந்துகொண்டது இதன் விரிவுரைதான்.

செங்கல்லில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் நிறைந்திருக்கின்றன. விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சுவதுபோல அது மண்ணிலுள்ள ஈரத்தை மேலே இழுக்கிறது. இக்கால வீடுகளில் அஸ்திவாரத்தின்மேல் ஈரத் தடுப்புப் பட்டை ஒன்று போடுகிறார்கள். பழைய வீடுகளில் அது இல்லை. ஆயினும் அவை நிலைத்து நின்றன. ஏறிய ஈரம் சுண்ணாம்புப் பூச்சின் வழியாகக் காற்றோடு கலந்துவிட்டதே காரணம். சிமெண்ட் பூச்சு அந்த வழியைப் பெரிதும் அடைத்துவிடுகிறது. வெளியேற முடியாத ஈரம் சுவருக்குள்ளேயே மேல்நோக்கி ஏறி, வீட்டின் உட்புறத்தில் வழி தேடுகிறது. மேலும் சிமெண்ட் பூச்சு அடிச்சுவரைவிடக் கடினமானது. வெயிலிலும் மழையிலும் சுவர் அசைந்து கொடுக்கும்போது அது மயிரிழையாய் வெடிக்கிறது. வெடிப்பின் வழியாக உள்ளே போன மழைநீர் திரும்ப வெளிவர வழியில்லை.

சுண்ணாம்பின் கதை அழகானது. சுண்ணாம்புக் கல்லைக் காளவாயில் ஏறக்குறைய 900 பாகை செல்சியஸ் வெப்பத்தில் சுட்டால், அதிலுள்ள கரியமில வாயு நீங்குகிறது. நீர் விட்டு நீற்றிச் சுவரில் பூசினால், காற்றிலிருந்து அதே வாயுவை மீண்டும் ஏற்று, சிறுகச் சிறுகக் கல்லாகவே திரும்பிவிடுகிறது. சிமெண்ட் பின்னால் வந்தது. போர்ட்லண்ட் சிமெண்டுக்கு இங்கிலாந்தில் ஜோசப் ஆஸ்ப்டின் காப்புரிமை பெற்றது 1824இல். இந்தியாவில் அதைத் தயாரிக்கும் முதல் முயற்சி 1904இல் சென்னையிலேயே நடந்தது. விடுதலைக்குப் பின் நெடுங்காலம் கட்டுப்பாட்டில் இருந்த சிமெண்ட், 1982இல் ஓரளவும் 1989இல் முழுமையாகவும் கட்டுப்பாடு நீங்கி எங்கும் கிடைக்கலாயிற்று. காளவாய்கள் அணைந்தன. சுண்ணாம்பு மேஸ்திரிகளின் பிள்ளைகள் சிமெண்ட் வேலைக்குப் போனார்கள்.

சிமெண்டைப் பழிப்பது என் நோக்கமன்று. கம்பி கட்டிய தூணுக்கும் தளத்துக்கும் புதிய வீட்டுக்கும் அது தக்க பொருளே. பழைய சுவருக்கு அதைப் போர்வையாக்கியதுதான் பிழை. அமெரிக்காவில் மரச்சட்ட வீடுகளுக்கு வெளியே பலகை போர்த்தும் வழக்கம் உண்டு. பழைய பலகை உளுத்திருக்க, நீர் நுழையும் இடத்தை அடைக்காமல் அதன்மேலேயே பிளாஸ்டிக் பலகை அறைந்து மூடினால், உள்ளே மரம் அழுகிக்கொண்டே இருக்கும். நாடு வேறு, பொருள் வேறு, தவறு ஒன்றே.

நம் நிலத்தடி உப்பு

எங்கள் பகுதிக்கே உரிய துன்பம் ஒன்றும் இதில் சேர்ந்துகொண்டது. பச்சைத் தோல் அழுகாமல் இருக்க உப்புத் தடவித்தான் ஆலைக்கு வருகிறது. அங்கே முதல் வேலை அந்த உப்பை நீரில் ஊறவைத்துக் கழுவுவது. அந்த அம்மையாரின் கணவர் வாழ்நாளெல்லாம் செய்த வேலை அதுவே. கழிவுநீரைச் சாதாரண முறையில் சுத்திகரித்தாலும் கரைந்த உப்பு போவதில்லை. பல்லாண்டுகளாக அது பாலாற்றுப் படுகையின் நிலத்தடி நீரில் கலந்தது. வேலூர் மக்கள் நல மன்றம் 1991இல் தொடுத்த வழக்கில், 1996ஆம் ஆண்டு ஆகஸ்டு 28ஆம் நாள் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பை நம் பகுதியில் அறியாதவர் இல்லை. ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிருக்கு உதவாமற் போனதை அத்தீர்ப்பு குறிப்பிடுகிறது. மாசுபடுத்தியவரே இழப்பை ஈடுசெய்யவேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தின் அங்கமென்று உறுதி செய்ததும் அதுவே.

வயலைக் கெடுத்த உப்பு வீட்டையும் விடவில்லை. ஈரத்தோடு சுவரில் ஏறும் உப்பு, நீர் உலர்ந்ததும் படிகமாகிறது. அந்தப் படிகம் வளரும்போது செங்கல்லையும் பூச்சையும் பொடிப்பொடியாக உதிர்க்கிறது. போதாக்குறைக்கு நாங்கள் உப்பு நீரிலேயே கலவை குழைத்திருந்தோம். கம்பியில்லாத காங்கிரீட்டுக்குரிய நீரில் குளோரைடு லிட்டருக்கு 2000 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. கம்பி இருந்தால் 500ஐத் தாண்டக்கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். எளிய மக்களுக்கு எளிய விதி ஒன்று உண்டு: குடிக்கத் தகாத நீரில் கலவை குழைக்கலாகாது.

சுவர் ஆறிய விதம்

என் குருத்துவ வெள்ளிவிழாவுக்கு அன்பர்கள் அளித்திருந்த காணிக்கை அப்படியே இருந்தது. அதைச் செலவுக்குத் தருகிறேன் என்றபோது அம்மையார் ஒப்பவில்லை. "பாதி நீங்க குடுங்க, சாமி. என் சுவருக்கு நான் கூலி குடுக்க வேணாமா?" என்றார்கள். பாதிப் பாதி என்று முடிவாயிற்று.

2024 பிப்ரவரியில் வேலை தொடங்கிற்று. மேஸ்திரி தெருவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அவருடைய பேரன்தான் வேலையாள். முதலில் சுவரைத் தொடவே இல்லை. தேங்கும் நீருக்கு வழி செய்தார்கள். சுவரை ஒட்டி ஓர் ஆழமற்ற பள்ளம் தோண்டி, ஜல்லி நிரப்பி, நீர் வாட்டமாய் ஓடக் கால்வாய் அமைத்தார்கள். குளியலறைக் குழாயில் இருந்த கசிவையும் அடைத்தார்கள். "ஓட்டைக் குடத்தைத் துடைச்சுக்கிட்டே இருந்தா ஆகுமா? ஓட்டையை அடை முதல்ல" என்பார் பெரியவர்.

பிறகு சிமெண்டைச் சிற்றுளியால் பைய எடுத்தார்கள். இயந்திரம் வைத்து இடித்தால் செங்கல்லின் முகமும் கூடவே பெயர்ந்துவிடும். நைந்த செங்கற்களை மாற்றினார்கள். உளுத்த உத்திர முனையைத் தச்சர் வெட்டிவிட்டு நல்ல மரம் சேர்த்தார். பூத்திருந்த உப்பை உலர்ந்த துடைப்பத்தால் கூட்டி அள்ளினார்கள். நீர் ஊற்றிக் கழுவினால் உப்பு கரைந்து மீண்டும் உள்ளே போய்விடுமாம்.

அதன்பின் காத்திருந்தோம். நனைந்த சுவர் ஓர் அங்குல கனம் உலர ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும் என்பது கட்டடத் துறையினர் சொல்லும் பொதுக்கணக்கு. பங்குனி வெயிலும் அக்கினி நட்சத்திரமும் அந்தச் சுவர்மேல் காய்ந்தன. ஊரார் கேலி செய்தார்கள். "சாமி வீட்டை உரிச்சுப்போட்டுட்டுப் போயிட்டாரு" என்றார்களாம். பெரியவர் மட்டும் அசையவில்லை.

இதற்கிடையில் பீப்பாய்களில் சுண்ணாம்பு நீறி ஊறிக்கொண்டிருந்தது. ஆடி மாதத்தில், கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த நீர் சேர்த்து, ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு கழுவிய மணலாகக் குழைத்தார்கள். குடிநீர் லாரியில் வந்த நீர்தான் பயன்பட்டது. கடுக்காய் மணத்தை முகர்ந்ததும் அம்மையாரின் கண்கள் கலங்கின. அவர்கள் கணவர் வேலைக்குச் சேர்ந்த நாளில், குரோமிய உப்பு எங்கும் பரவுமுன், ஆவாரம்பட்டையும் கடுக்காயும் தோலுக்கு இடப்பட்டன. "அவர் சட்டையில வர்ற வாசனை, சாமி" என்றார்கள். தோலைப் பதனிட்ட காய், சுவரையும் பதப்படுத்துகிறது!

மெல்லிய பூச்சாக ஒன்றன்மேல் ஒன்று, ஒவ்வொன்றுக்கும் நாள்கள் இடைவெளி விட்டு, ஈரச் சாக்கால் மூடி, மெதுவாக உலரவிட்டார்கள். கடைசியில் பிளாஸ்டிக் வண்ணம் இல்லை, சுண்ணாம்பு வெள்ளைதான்.

இந்தப் பூச்சு உப்பை ஒழித்துவிடாது என்று பெரியவர் முன்னரே சொல்லிவிட்டார். மண்ணில் உப்பு இருக்கும்வரை அது ஏறத்தான் செய்யும். அதைச் சுவரில் தங்கவிடாமல் பூச்சு தன்மேல் வாங்கிக்கொள்ளும். சில ஆண்டுகளில் அடிப்பகுதி உதிரும். அந்த இடத்தை மட்டும் மீண்டும் பூசவேண்டும். "பூச்சு சாகலாம், சாமி. சுவரு சாகக் கூடாது" என்றார்.

இரண்டு மழைக்காலங்கள் கடந்துவிட்டன. தரையோரத்தில் ஒரு சாண் அளவுக்கு ஈரத்தின் நிழல் தெரிகிறது; அதற்கு மேலே சுவர் உலர்ந்திருக்கிறது. பேரனின் மருந்து நிற்கவில்லை. ஆனால் இரவில் உறங்குகிறான்.

பழைய வீட்டில் வாழ்பவர்களுக்கு

அன்பார்ந்த குடும்பத் தலைவர்களே, தலைவியரே! உங்கள் வீட்டுச் சுவரில் காரை பெயர்ந்தால், உடனே முழுவதையும் கொத்தி எறியாதீர்கள். அது எதனால் கட்டிய சுவர் என்று முதலில் கேளுங்கள். சுண்ணாம்புச் சுவரானால் சுண்ணாம்பையே பூசுங்கள். பழஞ்சின்னங்களைச் செப்பனிடும் தொல்லியல் துறையும் சுண்ணாம்புச் சாந்தையே பயன்படுத்துகிறது. நீர் எங்கிருந்து வருகிறது என்று கண்டு, அதை நிறுத்திய பிறகே பூச்சைப் பற்றி யோசியுங்கள். நனைந்த சுவர்மேல் எதையும் பூசாதீர்கள். தெருவை உயர்த்திச் சாலை போட வருகிறவர்களிடம், பழையதைச் சுரண்டி எடுத்துவிட்டுப் போடும்படி தெருவார் ஒன்றுகூடிக் கேளுங்கள். உங்கள் ஊரில் சுண்ணாம்பு வேலை தெரிந்த முதியவர் ஒருவரேனும் இருந்தால், அவர் இருக்கும்போதே ஓர் இளைஞனை அவரிடம் அனுப்புங்கள்.

எங்கள் பெரியவர் சென்ற ஆண்டு இறைவனடி சேர்ந்தார். அடக்கத் திருப்பலிக்கு நான் சென்றிருந்தேன். அவருடைய பேரனிடம் இப்போது இரண்டு பழைய வீடுகளின் வேலை இருக்கிறதாம். தாத்தாவின் கரண்டியைத்தான் வைத்திருக்கிறான்.

என்னிடம் இன்றும் மக்கள் வீட்டைப் பற்றிக் கேட்கிறார்கள். "எனக்குத் தெரியாது, அம்மா. வாருங்கள், போய்ப் பார்ப்போம். தெரிந்தவரையும் அழைத்துக்கொள்வோம்" என்று விடை சொல்லுகிறேன்.